ஓர் ஆய்வாளர் இரண்டு நாடுகளுக்கு உரியவராக இருக்க வழி செய்யுங்கள்: ஐரோப்பிய ஆய்வுத் துறைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு, புத்தாக்கத் துறை ஆணையர் திருமிகு எகதெரினா ஸகாரியேவா அவர்கள், ஐரோப்பிய ஒன்றிய உறுப்பு நாடுகளின் ஆய்வுத் துறை அமைச்சர்கள்.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கும் அமைச்சர் பெருமக்களுக்கும் வணக்கம்.

ஆய்வாளர்களும் அறிவும் நாட்டு எல்லைகளைத் தாண்டித் தடையின்றி இயங்க வேண்டிய ஐரோப்பிய ஆய்வுப் பரப்புக்கென ஒரு சட்டம் இயற்றும் முயற்சியில் நீங்கள் இறங்கியிருக்கும் நேரத்தில் இம்மடலை எழுதுகிறேன். முனைவர் பட்டத்துக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து, அதன்பின் ஒன்றியத்தின் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் காலவரையறை கொண்ட ஒப்பந்தங்களின் கீழ் ஆய்வகங்களில் பணியாற்றி வருபவன் நான். ஆய்வாளர்கள் நாடு விட்டு நாடு போய்ப் பணியாற்ற ஒன்றியம் தரும் மரி ஸ்க்வொடோவ்ஸ்கா கியூரி நல்கைகளைப் பெறும் ஐரோப்பியர் அல்லாதோரில் இந்தியர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அடுத்து எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது என்று சென்னையிலும் திருச்சியிலும் கோவையிலும் யோசித்துக்கொண்டிருக்கும் இளம் ஆய்வாளர்களின் வாழ்க்கையையும் உங்கள் முடிவுகள் தொடும் என்பதால், அவர்களும் படிக்கும்படி என் தாய்மொழியிலேயே எழுதுகிறேன்.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். ஓர் ஆய்வாளர் ஒரே காலத்தில் இரண்டு உறுப்பு நாடுகளின் நிறுவனங்களுக்கு உரியவராக, இரண்டிலும் ஊதியம் பெற்று, இரண்டிலும் மாணவர்களை உருவாக்கி, அதற்காகத் தம் ஓய்வூதியத்தையோ வதிவிட உரிமையையோ இழக்காமல் வாழ்வதற்குச் சட்டத்தில் இடம் வேண்டும். ஆய்வாளர்கள் நாடு விட்டு நாடு போவதைத் தடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போவதா இருப்பதா என்ற இரண்டில் ஒன்றை மட்டுமே தேர்ந்துகொள்ளும்படி இன்றைய விதிகள் அவர்களை நெருக்குகின்றன. அந்த நெருக்கடியில் தோற்பவை எப்போதும் ஒரே பக்கத்து நாடுகளாகவே இருக்கின்றன என்பதுதான் என் கவலை.

ஐரோப்பிய ஆய்வுப் பரப்பு என்ற எண்ணத்தை அன்றைய ஆணையர் பிலிப் பூஸ்கேன் 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் முன்வைத்தார். 2009 டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தத்தின் வழியாக அது ஒன்றியத்தின் அடிப்படைச் சட்டத்திலேயே இடம்பெற்றது: ஆய்வாளர்களும் அறிவியல் அறிவும் தொழில்நுட்பமும் தடையின்றிச் சுற்றிவரும் ஒரு பரப்பை அமைப்பது ஒன்றியத்தின் குறிக்கோள் என்று 179-ஆம் பிரிவு சொல்கிறது. சுற்றிவருதல் என்றால் புறப்பட்ட இடத்துக்கும் ஏதோ ஒரு வடிவில் வந்து சேர்தல் என்றே எவரும் பொருள் கொள்வார்கள். ஆனால் நடந்தது வேறு. 2004-லும் அதற்குப் பின்னரும் ஒன்றியத்தில் சேர்ந்த 13 நாடுகளில் ஒன்றிய மக்கள்தொகையின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். 2014 முதல் 2020 வரை நடந்த ஹொரைசன் 2020 என்ற ஒன்றிய ஆய்வுத் திட்டத்தின் நிதியில் அந்நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே. நாட்டின் மொத்த உற்பத்தியில் 3 விழுக்காட்டை ஆய்வுக்குச் செலவிடுவது என்று 2002-ல் பார்சிலோனாவில் தலைவர்கள் குறித்த இலக்கை சுவீடனும் பெல்ஜியமும் தாண்டிவிட்டன. ருமேனியா அரை விழுக்காட்டின் அருகிலேயே நிற்கிறது. ஆய்வகம் இருக்கும் இடத்துக்கு ஆள் போவார், ஆள் இருக்கும் இடத்துக்கு நிதி போகும், நிதி இருக்கும் இடத்தில் அடுத்த ஆய்வகம் எழும். இந்தப் போக்கு தன்னைத்தானே வலுப்படுத்திக்கொள்ளும் தன்மை கொண்டது. ஆணையர் அவர்களே, 1985-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 89 லட்சமாக இருந்த உங்கள் பல்கேரியாவின் மக்கள்தொகை 2021-ல் சுமார் 65 லட்சமாகக் குறைந்ததற்குப் பிறப்பு விகிதத்தோடு வெளியேற்றமும் ஒரு முதன்மைக் காரணம் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இடப்பெயர்வை ஊக்குவிக்கும் உங்கள் முதன்மைத் திட்டத்துக்கு யாருடைய பெயரைச் சூட்டியிருக்கிறீர்களோ அவருடைய வாழ்க்கையிலேயே நான் கேட்பதற்கு முன்மாதிரி இருக்கிறது. பின்னாளில் மரி கியூரி என்று அறியப்பட்ட மரியா ஸ்க்வொடோவ்ஸ்கா 1891-ல் வார்சாவிலிருந்து பாரிசுக்குப் போனார். பட்டம் முடித்தபின் 1894-ல் போலந்து மண்ணிலேயே பணியாற்ற விரும்பி கிராக்கோவில் இடம் தேடினார்; பெண் என்ற காரணத்தால் அங்கே கதவு திறக்கவில்லை என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பாரிசுக்குத் திரும்பினார். பொலோனியம், ரேடியம், இரண்டு நோபல் பரிசுகள் என்று உலகம் அறிந்த வரலாறு அதற்குப் பின் வந்தது. அந்தப் புகழின் உச்சியில் அவர் இருந்தபோது, 1912-ல், வார்சாவிலிருந்து ஒரு குழு வந்து தாய்நாட்டுக்குத் திரும்பிவந்து அங்கே அமையவிருக்கும் ஆய்வகத்தை நடத்தும்படி அவரைக் கேட்டுக்கொண்டது. அவர் திரும்பவில்லை. பாரிசில் அவருக்கென ரேடியம் நிறுவனம் எழுந்துகொண்டிருந்தது. ஆனாலும் அவர் முற்றாக மறுக்கவும் இல்லை. வார்சா அறிவியல் கழகத்தின் கதிரியக்க ஆய்வகத்துக்குத் தொலைவிலிருந்தபடியே இயக்குநராக இருக்க ஒப்புக்கொண்டு, தம்மிடம் பாரிசில் பயிற்சி பெற்ற யான் தானிஷ், லுட்விக் வெர்டென்ஸ்டைன் என்ற இரு உதவியாளர்களை அங்கே அனுப்பி, 1913-ல் அதன் திறப்புக்குத் தாமே போனார்.

இதன் விளைவு என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய மதிப்பீட்டுப் படிவங்கள் எதிலும் இப்படிப்பட்ட விளைவுக்கு இடமில்லை. வெர்டென்ஸ்டைன் அந்த ஆய்வகத்தைப் பல ஆண்டுகள் நடத்தினார். அங்கே அவரிடம் பயின்றவர்களில் ஒருவர் யோசெஃப் ராட்பிளாட். 1939-ல் லிவர்பூலுக்குப் போய், அணுகுண்டுத் திட்டத்தில் சேர்ந்து, பின் மனச்சான்று இடங்கொடாமல் 1944-ல் அதிலிருந்து விலகி, அணு ஆயுதங்களுக்கு எதிராக வாழ்நாள் முழுவதும் உழைத்து, 1995-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற அதே ராட்பிளாட். வார்சாவுக்கு ஒரு ரேடியம் நிறுவனம் வேண்டும் என்பதற்காக ஸ்க்வொடோவ்ஸ்கா 1929-ல் அமெரிக்கா போய், அங்குள்ள பெண்கள் திரட்டிய 50,000 டாலரை அதிபர் ஹூவர் கையால் பெற்று, அதைக் கொண்டு ஒரு கிராம் ரேடியம் வாங்கித் தந்தார். 1932-ல் அந்த நிறுவனத்தைத் திறந்து வைக்க வார்சாவுக்கு வந்தார். வெளிநாட்டில் நிலைத்த ஓர் அறிஞர் தாய்நாட்டின் ஆய்வையும் சேர்த்து வளர்க்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது அவருடைய மன உறுதியாலும் நண்பர்களின் துணையாலும் நடந்தது. நூறாண்டுக்குப் பின்னரும் அது தனிமனிதரின் மன உறுதியையே நம்பி நிற்க வேண்டியிருப்பது சரியல்ல.

இன்று ஒரு பெண், அதே போல, பெல்ஜியத்தின் லூவனில் பாதி நேரமும் ருமேனியாவின் க்ளூஜில் பாதி நேரமும் பணியாற்ற விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பல்கலைக்கழகங்களும் மனமுவந்து சம்மதிக்கின்றன. அப்போது எழும் முதல் தடை சமூகப் பாதுகாப்பு விதி. ஒன்றியத்தின் 883/2004 ஒழுங்குவிதிப்படி ஒருவர் ஒரு நேரத்தில் ஒரே நாட்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்கே உட்பட்டவர். அவர் தாம் வசிக்கும் நாட்டில் தம் பணியில் கணிசமான பகுதியை, அதாவது கால்பங்கு அல்லது அதற்கு மேல், செய்தால் பொதுவாக வசிக்கும் நாட்டின் சட்டமே அவருடைய எல்லாப் பணிகளுக்கும் பொருந்தும். அவர் லூவனில் குடியிருந்தால், க்ளூஜ் பல்கலைக்கழகம் பெல்ஜியத்தில் தன்னை ஒரு வேலையளிப்பவராகப் பதிந்துகொண்டு, ருமேனிய ஊதியத்தின் மேல் பெல்ஜிய விகிதத்தில் பங்களிப்புச் செலுத்த வேண்டியிருக்கும். வேறொரு நாட்டின் மொழியில் மாதாமாதம் கணக்கு ஒப்படைக்கும் அந்தச் சுமையை ஒரு பேராசிரியருக்காக ஏற்க எந்தப் பல்கலைக்கழகத்தின் கணக்குப் பிரிவும் தயங்கும். நான் பணியாற்றிய ஓரிடத்தில் இப்படிப்பட்ட இரட்டைப் பணியமர்வு ஒன்று அறிவியல் காரணம் எதுவும் இல்லாமல் இந்த ஒரு காரணத்தாலேயே கைவிடப்பட்டதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். யாரும் தீய எண்ணத்தோடு நடந்துகொள்ளவில்லை. படிவத்துக்கு முன் எல்லோரும் ஓய்ந்துபோனார்கள்.

இந்தத் தடையை நீக்கப் புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை. அதே ஒழுங்குவிதியின் 16-ஆம் பிரிவு, பணியாளரின் நலனுக்காக நாடுகள் தமக்குள் விலக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று அனுமதிக்கிறது. பெருந்தொற்றுக்குப் பின் வீட்டிலிருந்தே எல்லை தாண்டிப் பணியாற்றுவோருக்காகப் பல உறுப்பு நாடுகள் இந்தப் பிரிவைக் கொண்டே ஒரு பொது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அது 2023 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பணியின் பாதிக்கும் குறைவான நேரத்தை வசிக்கும் நாட்டிலிருந்து தொலைவழியாகச் செய்பவர் வேலையளிப்பவரின் நாட்டுக் காப்பீட்டிலேயே தொடர அது வழிசெய்தது. மின்னஞ்சலும் காணொலிக் கூட்டமுமாக நடக்கும் அலுவலகப் பணிக்குச் செய்ய முடிந்ததை, ஒன்றியத்தின் அடிப்படைச் சட்டமே சுற்றிவர வேண்டும் என்று சொல்லும் ஆய்வாளருக்குச் செய்ய முடியாதா? இரண்டு நாடுகளில் பணியமர்த்தப்படும் ஆய்வாளருக்கு ஒவ்வொரு நிறுவனமும் தன் நாட்டிலேயே, தன் ஊதியப் பங்குக்கு மட்டும், பங்களிப்புச் செலுத்தலாம் என்ற பொது ஒப்பந்தம் ஒன்றை வரையும்படி அமைச்சர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஆய்வு அமைச்சர்கள் மட்டும் இதைச் செய்துவிட முடியாது, தொழிலாளர் துறை அமைச்சர்களும் உடன்பட வேண்டும் என்பது தெரியும். அவர்களை ஒரே மேசைக்கு அழைக்கும் பொறுப்பை ஆணையர் அவர்கள் ஏற்க வேண்டும்.

ஓய்வூதியத்தின் நிலையும் இதையொத்ததே. அரசு ஓய்வூதியக் காலங்களை நாடுகளுக்கிடையே கூட்டிக்கொள்ள விதி இருக்கிறது. வேலையளிப்பவர் தரும் துணை ஓய்வூதியத்துக்கு அப்படி இல்லை. நாடு மாறும் பணியாளருக்காக 2014-ல் நீங்கள் இயற்றிய நெறியாணை (உறுப்பு நாடுகள் தம் சட்டத்தில் கொண்டுவர வேண்டிய ஒன்றிய விதி), உரிமை உறுதிப்படுவதற்கான காத்திருப்புக் காலம் மூன்றாண்டுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு கட்டியது. நல்ல நோக்கம்தான். ஆனால் முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கான மரி ஸ்க்வொடோவ்ஸ்கா கியூரி மேலாய்வு நல்கையின் காலமே 12 மாதம் முதல் 24 மாதம் வரை. மூன்றாண்டு வரம்பு நடைமுறையில் உள்ள நாட்டில், ஒன்றியத்தின் சொந்த நல்கையைப் பெற்று வந்தவர் அந்த வரம்பை எட்டாமலேயே வெளியேறுகிறார். தாம் கட்டியது கைக்குத் திரும்பினாலும், அவருக்காக நிறுவனம் கட்டியது அவருக்கு உரியதாவதில்லை. மூன்று நாடுகளில் ஆறாண்டு உழைத்தவர், ஒரே ஊரில் ஆறாண்டு இருந்தவரைவிட முதுமையில் ஏழையாக இருப்பார் என்பதை இடப்பெயர்வை ஊக்குவிக்கும் எந்த அறிவிப்பும் சொல்வதில்லை. ஆய்வுப் பணிகளுக்காவது இந்தக் காத்திருப்பை முற்றாக நீக்குங்கள்.

ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் எங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 2003-ஆம் ஆண்டு நெறியாணைப்படி நீண்டகால வதிவிடத் தகுதி பெற ஒரே உறுப்பு நாட்டில் தொடர்ந்து ஐந்தாண்டு சட்டப்படி வாழ்ந்திருக்க வேண்டும். போர்ச்சுகலில் இரண்டாண்டு, செக்கியாவில் இரண்டாண்டு, பின் லித்துவேனியாவில் இரண்டாண்டு என்று, நீங்கள் எந்த நாடுகளுக்கு ஆய்வாளர்கள் வர வேண்டும் என்று விரும்புகிறீர்களோ அந்த நாடுகளுக்கெல்லாம் போய்ப் பணியாற்றிய ஒருவருக்கு ஆறாண்டு முடிவில் எந்தத் தகுதியும் இல்லை. ஒவ்வொரு எல்லையிலும் அவருடைய கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. உயர்தகுதிப் பணியாளர்களுக்கான வதிவிட அனுமதியாகிய நீல அட்டை பற்றி 2021-ல் திருத்தப்பட்ட நெறியாணை, அந்த அட்டை வைத்திருப்போருக்கு வெவ்வேறு நாடுகளில் வாழ்ந்த காலத்தைக் கூட்டிக்கொள்ளும் சலுகையைத் தந்தது. ஆய்வாளர் அனுமதியிலேயே தொடர்பவருக்கு அந்த வழி திறக்கவில்லை. எல்லோருக்கும் அதைத் திறக்கும் முன்மொழிவை ஆணையமே 2022 ஏப்ரலில் கொண்டுவந்தது. அதன் சாரத்தை ஆய்வாளர்களுக்காவது இந்தப் புதிய சட்டத்தில் சேர்த்துவிடுங்கள். இன்று ஒரு தமிழ்ப் பெண்ணோ பையனோ என்னிடம் எந்த நாட்டுக்குப் போகலாம் என்று கேட்டால், ஜெர்மனிக்கோ நெதர்லாந்துக்கோ போய் அங்கேயே நிலைத்திரு என்றுதான் நான் மனசாட்சியோடு சொல்ல முடிகிறது. லித்துவேனியாவின் வில்னியஸில் எவ்வளவு நல்ல ஆய்வகம் இருந்தாலும் அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வில்னியஸ் என்று சும்மா சொல்லவில்லை. மரபணுத் திருத்தத்தில் இன்று உலகெங்கும் பயன்படும் கிரிஸ்பர் கருவியின் அடிப்படையைக் காட்டியவர்களில் ஒருவர் வில்னியஸ் பல்கலைக்கழகத்தின் விர்ஜினியஸ் ஷிக்ஷ்னிஸ். அவருடைய குழுவின் கட்டுரை 2012-ல் முதலில் அனுப்பப்பட்ட இதழில் ஏற்கப்படாமல், பின்னர் வேறோர் இதழில் வெளிவந்தது; 2018-ல் அதே கருவியில் பணியாற்றிய எம்மானுயெல் ஷார்பந்தியே, ஜெனிஃபர் டௌட்னா இருவரோடு அவரும் கவ்லி என்ற அறிவியல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஷார்பந்தியேயின் பாதை வேறு: வியன்னா, உமியோ, பிரவுன்ஷ்வைக், பெர்லின் என்று அவர் ஊர் ஊராகப் போனார். சிறந்த அறிவியல் இரண்டு வழியிலும் பிறக்கிறது. அப்படியிருக்க, வெளிநாட்டில் பணியாற்றிய காலம் தன்விவரக் குறிப்பில் இல்லாததை ஒரு குறையாகக் கருதும் வழக்கம் மதிப்பீட்டுக் குழுக்களில் இன்னும் தொடர்கிறது. பிள்ளைகளையும் முதிய பெற்றோரையும் விட்டு நகர முடியாதவர்களை, அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், இது தொடர்ந்து பின்னுக்குத் தள்ளுகிறது.

மேலாய்வு நல்கைக்கான இடப்பெயர்வு விதி பற்றியும் ஒரு சொல். விண்ணப்பக் கெடுவுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் ஏற்பு நாட்டில், அதாவது பணியாற்றப் போகும் நாட்டில், இருந்திருக்கக் கூடாது என்பது விதி. இதன் காரணம் எனக்குப் புரிகிறது. இருந்த இடத்திலேயே இருப்பவருக்கு நல்கை போகாமல் தடுக்கிறது. தகுதி மதிப்பெண் பெற்றும் நிதியின்மையால் விடுபட்டவர்களை, ஒன்றிய ஆய்வுத் திட்டங்களில் பங்கேற்பதில் பின்தங்கிய நாடுகளின் நிறுவனங்களுக்கு அழைத்துச் செல்லும் ஐரோப்பிய ஆய்வுப் பரப்பு நல்கையை நீங்கள் உருவாக்கியதும் உண்மையிலேயே பயன் தந்த ஏற்பாடு. அதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் இரண்டாண்டு முடிந்ததும் வந்தவருக்கு அங்கே பணியிடம் இல்லை. பல்கேரியாவின் சோஃபியாவிலோ லாட்வியாவின் ரீகாவிலோ ஒரு ஆய்வுக் கருவியை நிறுவி, இரண்டு மாணவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய நேரத்தில் அவர் வேறு நாட்டு விளம்பரங்களைத் தேடத் தொடங்குகிறார். ஏற்பு நிறுவனம் மூன்றாம், நான்காம் ஆண்டுகளின் ஊதியத்தில் ஒரு பங்கை ஏற்க எழுத்தில் உறுதியளித்தால் மீதியை ஒன்றியம் தரும் என்ற ஏற்பாடு இருந்தால், அந்த மாணவர்களாவது தங்கள் பட்டத்தை அதே ஆசிரியரிடம் முடிப்பார்கள்.

இனி ஒரே ஊரைப் பற்றிச் சொல்கிறேன். ஹங்கேரியின் செகெட் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோதுதான் ஆல்பெர்ட் சென்ட்-ஜியோர்ஜி, வைட்டமின் சி தொடர்பான ஆய்வுகளுக்காக 1937-ல் நோபல் பரிசு பெற்றார். போருக்குப் பின், 1947-ல், அவர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். அதே ஊரின் உயிரியல் ஆய்வு மையத்தில் ஆர்.என்.ஏ. பற்றி ஆய்ந்துகொண்டிருந்த கேட்டலின் கரிக்கோ, 1985-ல் அவருடைய பணிக்கான நிதி நின்றபோது, கணவரோடும் சிறு மகளோடும் பிலடெல்பியாவுக்குப் புறப்பட்டார். கார் விற்ற பணத்தை மகளின் கரடி பொம்மைக்குள் தைத்துக் கொண்டுபோனதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 2013 முதல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் பயோஎன்டெக் நிறுவனத்திலும் பணியாற்றினார். 2021-ல் செகெட் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கியது. 2023-ல் அவருக்கு மருத்துவ நோபல் கிடைத்த அதே வாரத்தில், ஹங்கேரியில் பிறந்து வியன்னா வழியாக ஜெர்மனியின் கார்ஷிங்கில் நிலைத்த ஃபெரென்ஸ் க்ரௌஸுக்கு அட்டோநொடி (நொடியின் மிகமிகச் சிறிய கூறு) ஒளித்துடிப்புகளுக்காக இயற்பியல் நோபல் கிடைத்தது. அந்த அட்டோநொடி இயற்பியலுக்கென்றே அமைந்த பெரிய சீரொளி (லேசர்) நிலையம் ஒன்று இன்று செகெட்டில் இருக்கிறது. ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி நிதியைக் கொண்டு செக்கியா, ஹங்கேரி, ருமேனியா மூன்றிலும் எழுப்பப்பட்ட எலி (ELI) என்ற சீரொளி ஆய்வுக் கட்டமைப்பின் ஹங்கேரியப் பகுதி அது. ருமேனியாவின் மெகுரேலேயில் உள்ள பகுதி 2019-ல் 10 பெட்டாவாட் சீரொளித் திறனை எட்டியது. உலகெங்கிலுமிருந்து இயற்பியலாளர்கள் கிழக்கு நோக்கி வரத் தொடங்கியதற்கு இந்த நிலையங்கள் காரணம். ஆளை இழுப்பது நல்ல கருவி என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம். கட்டடத்துக்கும் கருவிக்கும் ஒன்றிய நிதி கிடைக்கிறது, அங்கே ஆண்டுக்கணக்கில் இருந்து இயக்குபவரின் ஊதியம் நாட்டின் நிதிநிலையைச் சார்ந்து நிற்கிறது என்பதுதான் இன்னும் தீராத குறை.

அப்படிப்பட்ட செகெட்டின் மேல் 2022 டிசம்பர் 15 அன்று உறுப்பு நாடுகளின் மன்றம் எடுத்த முடிவு வந்து விழுந்தது. பொதுநல அறக்கட்டளைகளின் கீழ் கொண்டுவரப்பட்ட ஹங்கேரியப் பல்கலைக்கழகங்களோடு புதிய ஒப்பந்தம் எதுவும் செய்துகொள்வதில்லை என்ற அந்த முடிவுக்கு உரிய காரணங்கள் இருந்தன. அறக்கட்டளை வாரியங்களில் அரசியல்வாதிகள் அமர்ந்திருந்ததை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் வாரிய உறுப்பினர்கள் அல்லர், விண்ணப்பம் எழுதும் வயதில் இருந்த இளம் ஆய்வாளர்கள். வேறு நாட்டுக்குப் போனால் அதே நல்கைக்கு விண்ணப்பிக்கலாம் என்றிருந்தபோது அவர்கள் என்ன முடிவெடுப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. நிறுவனத்தின் நிர்வாகத்தைத் தண்டிக்கும்போது, நல்கையை ஆய்வாளரின் பெயரில் நேரடியாக, ஒரு நடுநிலை அமைப்பின் கணக்கு வழியாக வழங்கும் ஏற்பாட்டைச் சட்டத்திலேயே முன்கூட்டி எழுதிவைக்க வேண்டும். இதே போன்ற நிலை நாளை வேறொரு நாட்டிலும் வரலாம்.

அனுப்பும் நாடுகளின் அமைச்சர்களுக்கும் வெளிப்படையாகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். ஐரோப்பியத் தணிக்கையாளர் மன்றம் 2022-ல் தன் 15-ஆம் சிறப்பறிக்கையில், பங்கேற்பை விரிவாக்கும் ஒன்றிய ஏற்பாடுகள் நன்றாகவே வடிவமைக்கப்பட்டிருப்பதாகவும், நிலைத்த மாற்றம் பெரும்பாலும் அந்தந்த நாட்டு அரசுகளின் முயற்சியைப் பொறுத்தது என்றும் சொன்னது. அது சரியான கணிப்பு. பணியிட விளம்பரம் உள்ளூர் மொழியில் மட்டும், இரண்டு வாரக் கெடுவோடு, எவரை எடுப்பது என்று முடிவு செய்தபின் வெளியாகும் இடத்துக்கு வெளியிலிருந்து எவரும் வரமாட்டார், போனவரும் திரும்பமாட்டார். வெளிநாட்டு முனைவர் பட்டத்தைச் சரிபார்க்க மாதக்கணக்கில் அலையவிடும் நடைமுறையும், வெளியே கழித்த ஆண்டுகளைப் பணிமூப்பில் சேர்க்க மறுக்கும் வழக்கமும் இன்னும் பல இடங்களில் இருக்கின்றன. வெளிப்படையான, தகுதி அடிப்படையிலான பணியமர்வு வேண்டும் என்று ஆணையம் 2005-ல் ஆய்வாளர் சாசனத்தோடு பரிந்துரைத்தது; 2023 டிசம்பரில் மன்றம் அதைப் புதுப்பித்தது. இரண்டும் பரிந்துரைகள். பரிந்துரையாகவே இருந்து இருபதாண்டு கடந்துவிட்டது. ஒன்றிய நிதி பெறும் எந்த நிறுவனத்துக்கும் இது கட்டாயம் என்று இச்சட்டம் சொல்லட்டும். திரும்பி வருவோருக்கு வருமான வரியில் 90 விழுக்காடு ஊதியத்துக்கு விலக்கு அளிக்கும் சட்டத்தை இத்தாலி 2010-ல் கொண்டுவந்ததையும், போலந்து தன் கல்விப் பரிமாற்ற முகமையின் வழியாகத் திரும்பும் அறிஞர்களுக்கென ஒரு திட்டம் நடத்துவதையும் நான் மதிக்கிறேன்; ஆனால் வரிச் சலுகை ஒருவரை விமான நிலையம் வரைதான் கொண்டுவரும், அதன்பின் அவரைத் தாங்க ஒரு பணியிடமும் ஓர் ஆய்வகமும் தேவை.

2025 மே 5 அன்று பாரிசின் சோர்போனில், அமெரிக்காவில் நெருக்கடிக்குள்ளான அறிஞர்களை வரவேற்று, அறிவியலுக்கு ஐரோப்பாவைத் தேர்ந்தெடுங்கள் என்று அழைப்பு விடுத்து, 50 கோடி யூரோ ஒதுக்கினீர்கள். அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். வருபவர்கள் எங்கே போய்ச் சேர்வார்கள் என்பதையும் இப்போதே எண்ணிப் பார்க்க வேண்டும். தனி ஏற்பாடு எதுவும் இல்லையென்றால் அவர்கள் ஏற்கனவே நிதியும் புகழும் குவிந்த ஊர்களுக்கே போவார்கள். அங்கே ஒப்பந்த முடிவை எண்ணிக் காத்திருப்போரின் வரிசை இன்னும் நீளும். முனைவர் பட்டத்துக்கு முன் ஆறாண்டு, பின் ஆறாண்டு என்ற காலவரம்புச் சட்டத்துக்கு எதிராக ஜெர்மனியின் இளம் ஆய்வாளர்கள் 2021-ல் எழுப்பிய குரல், நிதி மிகுந்த நாட்டிலும் பணியிடம் அரிது என்பதை எல்லோருக்கும் காட்டியது. 2028 முதல் 2034 வரையிலான அடுத்த திட்டத்துக்கு ஆணையம் முன்மொழிந்த 17,500 கோடி யூரோவில், பங்கேற்பை விரிவாக்கும் பகுதி தனி ஒதுக்கீடாகவே நிலைக்க வேண்டும். போட்டித்திறன் என்ற பெயரில் அது கரைந்துபோகக் கூடாது. அதிலிருந்து இரட்டைப் பணியமர்வுகளுக்கென ஒரு பங்கு ஒதுக்கப்பட வேண்டும்: மேற்கில் நிலையான பதவியில் இருப்பவர் கிழக்கிலோ தெற்கிலோ உள்ள நிறுவனத்தில் கால்பங்கு முதல் பாதி வரை பணியாற்ற, குறைந்தது ஐந்தாண்டுக்கு, இரு நிறுவனங்களுக்கும் அதன் செலவை ஈடுசெய்யும் நிதியாக அது அமையட்டும்.

கடைசியாக ஒரு நடைமுறைக் கோரிக்கை. ஒவ்வோராண்டும் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் எத்தனை ஆய்வாளர்கள் வெளியேறினார்கள், எத்தனை பேர் வந்தார்கள், வெளியே போனவர்களில் எத்தனை பேர் முழுமையாகவோ பகுதியாகவோ திரும்பினார்கள், அவர்கள் எந்த வகை ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள் என்ற கணக்கை உறுப்பு நாடுகள் ஒரே முறையில் தொகுத்து வெளியிட வேண்டும் என்பதைச் சட்டத்தின் ஒரு பிரிவாக்குங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கப்படும் கருத்துக்கணிப்புகள் இதற்குப் போதா. அந்தக் கணக்கை ஆய்வு அமைச்சர்களும் தொழிலாளர் துறை அமைச்சர்களும் கூட்டாக அமர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை விவாதிக்க வேண்டும். மேலே நான் கேட்ட சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் வரைவை அப்படிப்பட்ட முதல் கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஐரோப்பாவில் பணியாற்றும் ஒரு தமிழ் ஆய்வாளர்